கோப்பின்படி இன்னும் மூன்று வாரம்

கணக்குப்படி டீச்சருக்குக் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகியிருக்க வேண்டும். மாதக் கணக்கு அப்படித்தான் சொன்னது. ஸ்கேன் கணக்கும் அதையே சொன்னது. அவளுடைய இடுப்பும் கால் வீக்கமும் அதையே சொல்லின. ஆஸ்பத்திரிக் கோப்பு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் மழலையர் பள்ளியில் டீச்சர். கணவன் ஏசி மெக்கானிக். முதல் குழந்தை. அந்த ஊரின் பெரிய மகளிர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாதமே பதிவு செய்துவிட்டார்கள். பதிவு எழுத்தர் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டார். "ஏழாம் தேதி, ஆறாம் மாசம்" என்றாள். அவர் 7/6 என்று தட்டினார். புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் திட்டத்துக்கு முதலில் வரும் எண்தான் மாதம். ஆகவே ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை அவளுடைய கர்ப்பக் கணக்கு ஜூன் ஏழில் தொடங்கவில்லை, ஜூலை ஆறில் தொடங்கியது. தேதி பன்னிரண்டுக்கு மேல் இருந்த பெண்கள் தப்பித்தார்கள். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் கம்ப்யூட்டர் அவர்களிடம் மட்டும் பணிந்து போயிற்று.

ஐந்தாம் மாதமே டீச்சர் இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். பலன், குழந்தை வயதுக்கு மீறி வளர்ந்திருப்பதாக ஆஸ்பத்திரி சந்தேகப்பட்டதுதான்.

"இனிப்பைக் குறைங்கம்மா. குழந்தை வாரத்துக்கு மேல பெருசா இருக்கு."

"வாரத்தையே தப்பா எழுதியிருக்கீங்களே."

"அதைத் திருத்த வேற பிரிவு. நாங்க சர்க்கரை மட்டும்தான் பாப்போம்."

மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். மூன்று முறையும் சர்க்கரை இல்லை. நான்காவது முறை வரலாம் என்ற நம்பிக்கையை அவர்கள் கைவிடவில்லை.

மார்ச் இருபத்து நான்காம் தேதி காலை டீச்சர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வயிற்றின் மேல் கையை வைத்தாள். வழக்கமாக அந்த நேரத்துக்கு உள்ளே ஒரு ரகளை நடக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தாள். இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். இரண்டு மணி நேரத்தில் இரண்டே அசைவு.

"என்னங்க, இன்னிக்கு உள்ள ரொம்ப சாதுவா இருக்கு."

மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிட ஓடினான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெரிய பலகை. 'இயற்கை அவசரப்படுவதில்லை' என்று மேலே எழுதியிருந்தது. கீழே, 'இம்மாதம் தூண்டப்பட்ட பிரசவங்கள்: 4. அனுமதி: 5.' எண்கள் மட்டும் தகரத்தில் செய்து ஆணியில் மாட்டப்பட்டிருந்தன. இயற்கைப் பிரசவத்துக்கான கேடயம் இந்த ஆண்டு இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் என்று பேச்சு இருந்தது. மாதம் ஐந்துக்கு மேல் வலியைத் தூண்டாத ஆஸ்பத்திரிக்குத்தான் கேடயம்.

பிரசவ வார்டின் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த சிஸ்டருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். அவர் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. திரையில் தெரியும் வாரத்தைச் சொல்லிக் கூப்பிடுவார். அதில் குழப்பம் வராது என்பது அவர் அனுபவம்.

"முப்பத்தேழு, உக்காருங்க. முப்பத்தேழு வாரம் ரெண்டு நாள். இன்னும் மூணு வாரம் இருக்கே, எதுக்கு வந்தீங்க?"

"எனக்கு நாப்பத்தோரு வாரம் மூணு நாள், சிஸ்டர்."

"அது உங்க கணக்கு."

"குழந்தை அசையறது குறைஞ்சிருக்கு."

"முப்பத்தேழுல சிலது அப்படித்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிட்டுத் தூங்குங்க."

அசைவு குறைந்திருக்கிறது என்ற சொல் மட்டும் பின்னால் நடந்துபோன பணி மருத்துவரின் காதில் விழுந்தது. சின்ன வயதுப் பெண். முந்தின நாளிலிருந்து வேலையில் இருந்ததால் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. அவர் டீச்சரைக் கையோடு மூன்றாம் அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, வயிற்றில் பட்டை கட்டி இதயத் துடிப்பைக் கேட்டார். துடிப்பு இருந்தது. பிறகு ஸ்கேன் கருவியை உருட்டிக்கொண்டு வந்தார். ஒரே இடத்தில் நான்கைந்து முறை கருவியை வைத்துப் பார்த்தார். வெளியே ஒரு மையத்தில் மூன்றாம் மாதம் எடுத்த பழைய ஸ்கேன் அறிக்கையை வாங்கிப் படித்தார். அப்புறம் மெக்கானிக்கைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"உங்க வீட்டம்மா சொல்ற தேதிதான் சரி. குழந்தையைச் சுத்தி இருக்கற தண்ணி ரொம்பக் குறைஞ்சிருக்கு. இன்னிக்கே ஜெல் வச்சு வலியை வரவைக்கணும்."

மெக்கானிக்குக் குழப்பமாக இருந்தது. "டாக்டர், தப்பா நினைக்காதீங்க. வலி தானா வராதா? இயற்கை அவசரப்படாதுன்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்காங்களே."

"அவசரப்படாதுதான். ஆனா சில சமயம் அது நேரத்தை மறந்துடும்." பணி மருத்துவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "குழந்தைக்குச் சாப்பாடு, மூச்சு ரெண்டுமே நஞ்சுக்கொடி வழியாத்தான் போகுது. நாப்பத்தோரு வாரத்துக்கு மேல சில பேருக்கு அந்த நஞ்சுக்கொடி தளர ஆரம்பிச்சுடும். தண்ணி வத்தும். குழந்தை உள்ளயே மலம் கழிச்சு அதையே மூச்சுல இழுத்துக்கும். ஒண்ணு ரெண்டு குழந்தைங்களுக்கு இதயம் சொல்லாமக் கொள்ளாம நின்னுடும். நிறைய குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நல்லாவே பிறக்கும். ஆனா யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாதுன்னு வெளியில இருந்து எங்களால முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனாலதான் நாள் தாண்டினா நாங்க காத்திருக்கறதில்ல. உங்க குழந்தை விஷயத்துல அடையாளமே தெரிய ஆரம்பிச்சுடுச்சு."

நேற்று மாலை வரை நன்றாகக் குளிரூட்டிவிட்டு இன்று காலை சொல்லாமல்கொள்ளாமல் நின்றுபோன இயந்திரங்கள் பலவற்றை மெக்கானிக் திறந்து பார்த்திருக்கிறான்.

"வையுங்க டாக்டர்" என்றான்.

பணி மருத்துவர் கம்ப்யூட்டரில் வலி தூண்டும் படிவத்தைத் திறக்கப் பார்த்தார். அது திறக்கவில்லை. 'பக்குவம் போதாது. 26 நாட்கள் கழித்து முயலவும்' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. படிவம் இல்லாமல் மருந்தறையில் ஜெல் தர மாட்டார்கள். தண்ணீர் குறைவு என்ற காரணத்தைப் போட்டுப் பார்த்தார். அதற்கு மூன்று பேர் குழு ஒப்புதல் தர வேண்டும் என்று வந்தது. ஒருவர் விடுப்பில், ஒருவர் மாநாட்டில், ஒருவர் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. கண்காணிப்பாளருக்கு நான்கு முறை போன் செய்தார். நான்கு முறையும் அவர் கூட்டத்தில் இருந்தார்.

"நான் இவங்களை விட்டு நகர முடியாது. துடிப்பைப் பாத்துட்டே இருக்கணும். நீங்க கீழ ஆவணப் பிரிவுக்குப் போய்த் தேதியைத் திருத்தி வாங்கிட்டு வாங்க. தேதி மாறினா படிவம் தானா திறந்துடும்."

மெக்கானிக் இரண்டிரண்டு படியாக இறங்கினான்.

ஆவணப் பிரிவில் இருந்தவர் அன்று பதிவு செய்த அதே எழுத்தர். மெக்கானிக் ஸ்கேன் அறிக்கையை நீட்டி விஷயத்தைச் சொன்னான்.

"நீங்கதானே சார் டைப் பண்ணீங்க?"

"நான் டைப் பண்ணது உங்க மனைவி சொன்னதை. கம்ப்யூட்டர் எப்படிப் புரிஞ்சுக்கிச்சுங்கறது அதோட இஷ்டம்." எழுத்தர் அறிக்கையைக் கையில் வாங்காமலே தள்ளினார். "இது வெளி ஸ்கேன். வெளி ஸ்கேன்ல வர்ற குழந்தை எங்க கணக்குல சேராது."

"அதே குழந்தைதான் சார்."

"இருக்கலாம். திருத்தணும்னா விண்ணப்பம் குடுங்க. கூடவே சாட்சி ரெண்டு பேர் கையெழுத்து."

"எதுக்குச் சாட்சி?"

"ஏழாம் தேதிதான் மாதவிலக்கு ஆச்சுங்கறதுக்கு. சொந்தக்காரங்க செல்லாது. அக்கம்பக்கத்து ஆளா இருந்தா நல்லது."

மெக்கானிக் அவர் முகத்தையே பார்த்தான். கேலி செய்வதாகத் தெரியவில்லை.

"அதை யார் சார் பாத்திருப்பாங்க?"

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க" என்றார் எழுத்தர் வருத்தத்தோடு. "யாரும் முன்யோசனையா நடந்துக்கறதில்ல."

"சரி, சாட்சி கொண்டுவந்தா இன்னிக்கே மாத்திடுவீங்களா?"

"நான் எப்படி மாத்த முடியும்? தேதி திருத்தக் குழு இருக்கு. மாசத்துல ரெண்டாவது செவ்வாய் கூடும். இனி ஏப்ரல்லதான். அதுக்குள்ள குழந்தை பிறந்துட்டா விண்ணப்பம் தானா ரத்தாயிடும். பெரும்பாலான விண்ணப்பம் அப்படித்தான் நல்லபடியா முடியுது."

மெக்கானிக் அவர் நீட்டிய விண்ணப்பத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்கு ஓடினான். அறை வாசலில் நின்றவர் தடுத்தார். உள்ளே குளிரூட்டி கடகடவென்று சத்தம் போடுவது வெளியே கேட்டது. "ஏசி மெக்கானிக்" என்றான் அவன். பொய் இல்லை. கதவு உடனே திறந்தது.

கண்காணிப்பாளர் கண்ணாடி முன் நின்று கேடயம் வாங்கும்போது பேச வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவன் ஏசியைப் பார்க்காமல் தன்னைப் பார்ப்பதைக் கண்டு திரும்பினார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமைக்குப் பெயர் போனவர்.

"தம்பி, உங்க கவலை எனக்குப் புரியுது. நானும் பிள்ளை பெத்தவன்தான். ஆனா ஒரு பெரிய நிறுவனத்தை நடத்தறவன் எப்படி யோசிக்கணும்? உங்க மனைவி சொல்றாங்கன்னு இன்னிக்கு ஒரு தேதியை மாத்தினா, நாளைக்கு ஊர்ல இருக்கற கர்ப்பிணிங்க எல்லாரும் ஆளுக்கொரு தேதியோட வந்து நிப்பாங்க. அப்புறம் கோப்புக்கு என்ன மரியாதை?"

"சார், தண்ணி குறைஞ்சிடுச்சுன்னு டாக்டரே சொல்றாங்க."

"அந்தப் பொண்ணு நல்ல டாக்டர்தான். வயசு கம்மி, அதனால நோயாளியைப் பாத்துப் பயப்படுது. நான் இருபது வருஷமா நோயாளியையே பாக்கறதில்ல, ஒரு தடவைகூடப் பயந்ததில்ல." அவர் மெக்கானிக்கின் தோளில் கை வைத்தார். "இந்த மாசம் நாலு வலி தூண்டல் ஆயிடுச்சு. மிச்சம் இருக்கறது ஒண்ணு. அதை முப்பத்தேழு வாரத்துக்குக் குடுத்தா, நிஜமா நாள் தாண்டினவங்க வந்து நின்னா நான் என்ன பதில் சொல்வேன்? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இப்ப நான் என்னதான் சார் பண்றது?"

"காத்திருங்க. ஒருவேளை குழந்தையோட துடிப்பு விழுந்துடுச்சுன்னு வைங்க, கவலையே வேணாம். அது அவசரம். அவசரத்துக்கு எந்தப் படிவமும் கிடையாது, என் கையெழுத்துகூட வேணாம். நேரா ஆபரேஷன்தான். பாருங்க, எவ்வளவு எளிமையா வச்சிருக்கோம்!"

சொல்லிவிட்டு, வந்ததுதான் வந்தாயிற்று, ஏசி சத்தம் எதனால் என்று பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார். மெக்கானிக் ஏசியைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தான். மனைவியிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வார்டுக்குப் படியேறினான்.

வார்டில் ஒரே அமளியாக இருந்தது. மருந்துத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சிஸ்டர் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொண்ணு, கதவைத் திறங்கம்மா. பயப்படாதீங்க. சின்ன ஜெல்தான், ஊசிகூட இல்ல."

உள்ளிருந்து ஒரு பெண் அலறினாள். "எனக்கு எதுவும் வேணாம்! நான் சளிக்கு மருந்து வாங்க வந்தேன்!"

"கோப்புப்படி உங்களுக்கு இன்னிக்கு நாப்பத்தோரு வாரம் முழுசா ஆயிடுச்சு. காலையில கம்ப்யூட்டரே ஜெல் ஒதுக்கிடுச்சு. எத்தனை பேர் இதுக்காகத் தவம் கிடக்கறாங்க தெரியுமா?"

"எனக்கு ஆறாம் மாசம்தான் நடக்குது! என்னை விட்டுடுங்க!"

சத்தம் கேட்டுப் பணி மருத்துவர் மூன்றாம் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். டீச்சரின் அருகில் இருக்கும்படி மெக்கானிக்கிடம் சைகை காட்டிவிட்டுக் கதவருகே போனார். தன் பெயரையும் வேலையையும் சொல்லி மெதுவாகப் பேசினார். தாழ்ப்பாள் விலகியது. வெளியே வந்தவள் ஒரு தையல்காரி. கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. வயிறு அப்போதுதான் புடவைக்கு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. கோப்பை வாங்கிப் பார்த்த மருத்துவர் கேட்டார்.

"பதிவு பண்றப்ப என்ன தேதி சொன்னீங்க?"

"ஆறாம் தேதி, பத்தாம் மாசம்."

கம்ப்யூட்டரில் ஜூன் பத்து என்று இருந்தது.

சிஸ்டர் தட்டைப் பக்கத்துக் கட்டிலில் வைத்தார். தையல்காரியின் வயிற்றைப் பார்த்தார். காலையிலிருந்து அவளை எதிரே உட்காரவைத்துப் பேசியிருந்தும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

"வச்சிருப்பேன் டாக்டர்" என்றார். "இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் இல்லாம இருந்திருந்தா, நான் பாட்டுக்கு வச்சிருப்பேன். ஆறு மாசத்துக் குழந்தை."

தையல்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மருத்துவர் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சளிக்கான மருந்தையும் மறக்காமல் எழுதிக் கொடுத்தார். பிறகு தட்டில் இருந்த ஜெல்லைப் பார்த்தார். அந்த மாதத்தின் ஐந்தாவது, கடைசி ஜெல்.

"சிஸ்டர், இதை நாம மூணாம் ரூம்ல வைக்கறோம்."

"இதுல வேற பேரு போட்டிருக்கு, டாக்டர்."

"தெரியும். விளக்கம் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

சிஸ்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மூன்றாம் அறை வாசலில் நின்று, "உங்க பேரு என்னம்மா?" என்று டீச்சரைக் கேட்டார். அந்த ஆஸ்பத்திரியில் ஏழு மாதத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு ஜெல் வைத்தார்கள். வாசல் பலகையில் நான்கு என்ற தகரத்தைக் கழற்றிவிட்டு ஐந்து என்ற தகரத்தை மாட்டினார்கள். இரண்டு மணிக்கு வலி தொடங்கியது. டீச்சர் கணவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வலிக்கும் அவள் நகம் பதிந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

"என்னங்க, அது இன்னும் சாதுவாவே இருக்கு. எனக்குத்தான் வலிக்குது, அதுக்கு ஒண்ணுமே தெரியல."

"பிறக்கறப்ப எல்லாத்துக்கும் சேத்துக் கத்தும் பாரு" என்றான் அவன். அவன் கண் துடிப்பு வரையும் காகிதத்தை விட்டு நகரவில்லை.

நான்கரை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. வந்த கொஞ்சம் தண்ணீரும் பச்சையாக, கெட்டியாக இருந்தது. அடுத்த வலியில் இதயத் துடிப்பு சரிந்தது. வலி போனபின் மெல்ல ஏறியது. அதற்கடுத்த வலியில் சரிந்தது ஏறவில்லை. பணி மருத்துவர் கட்டிலைத் தாமே தள்ளத் தொடங்கினார். சிஸ்டர் முன்னால் ஓடிக் கதவுகளைத் திறந்தார்.

இந்த முறை யாரும் எந்தப் படிவமும் கேட்கவில்லை. மருந்தறை திறந்தது. ரத்தம் வந்தது. மயக்க மருத்துவர் வந்தார். இரண்டு மாடிக்கு அப்பாலிருந்து குழந்தை மருத்துவர் ஓடி வந்தார். நான்கு மணி நேரமாக ஒரு ஜெல்லைத் தர முடியாத ஆஸ்பத்திரி எட்டு நிமிடத்தில் வயிற்றைத் திறந்தது. கண்காணிப்பாளர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அதை எளிமையாகத்தான் வைத்திருந்தார்கள்.

மெக்கானிக் வெளியே நின்றான். உள்ளே கருவிகள் உரசும் சத்தம் கேட்டது. "எடுத்தாச்சு" என்று ஒரு குரல் கேட்டது. அதற்கப்புறம் கேட்க வேண்டிய சத்தம் கேட்கவில்லை. யாரோ எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவனும் கூடவே எண்ணினான். எதற்கு எண்ணுகிறோம் என்று தெரியாமலே எண்ணினான். நூற்றுப் பத்தில் ஒரு இருமல் போல வந்தது. பிறகு மிகச் சின்னதாக, எரிச்சலாக, ஒரு அழுகை.

பெண் குழந்தை. நுரையீரலில் அழுக்கு போயிருந்ததால் பிறந்த குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். முதல் மூன்று நாள் யாரும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. தோல் காய்ந்து உரிந்திருந்தது. நகம் விரல் நுனியைத் தாண்டி நீண்டிருந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் 'முப்பத்தேழு வாரம்' என்று எழுதியிருந்தது. பார்க்க வந்த பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரு பேராசிரியர் அந்தக் குழந்தையைக் காட்டி, முப்பத்தேழு வாரக் குழந்தை இப்படி இருப்பது மிக அபூர்வம் என்று விளக்கினார். அவர்களும் குறித்துக்கொண்டார்கள்.

நான்காம் நாள் மூச்சுக் குழாயை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் விசாரணை நடந்தது.

விசாரணை குழந்தையைப் பற்றியதல்ல, ஜெல்லைப் பற்றியது. கண்காணிப்பாளர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பணி மருத்துவர் நின்றிருந்தார். டீச்சரும் மெக்கானிக்கும் சாட்சி சொல்ல வந்திருந்தார்கள். தையல் இழுத்ததால் டீச்சர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"குற்றச்சாட்டு இரண்டு" என்று கண்காணிப்பாளர் தாளைப் பார்த்துப் படித்தார். "ஒன்று, நாற்பத்தோரு வாரம் முடிந்த ஒரு பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட மருந்தை அவருக்குக் கொடுக்காதது. இரண்டு, முப்பத்தேழு வாரமே ஆன வேறொரு பெண்ணுக்கு அதைக் கொடுத்துக் குழந்தையை ஆபத்தில் பிறக்கவைத்தது."

"சார், அந்த முதல் பெண்ணுக்கு ஆறு மாசம்" என்றார் பணி மருத்துவர். "இவங்களுக்கு நாப்பத்தோரு வாரம் தாண்டிடுச்சு. குழந்தையைப் பாத்தாலே தெரியும்."

"தெரியும்மா. அது மருத்துவ உண்மை. யாரும் மறுக்கல. நாம இங்க உக்காந்து பேசறது ஆவண உண்மை." அவர் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் தலையசைத்தார்கள். "தேதி தப்புன்னு இப்ப ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? நாள் தாண்டின பெண்ணை நாலு மணி நேரம் ஏன் காக்கவச்சீங்கன்னு நாளைக்கு என்னைக் கேப்பாங்க. அதனால தேதி சரியா இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது. குழந்தை நல்லா இருக்கு. அம்மா நல்லா இருக்காங்க. கேடயமும் வரப்போகுது. ஒரு தேதி மட்டும் கொஞ்சம் முன்னபின்ன இருந்தா என்ன குறைஞ்சுடப் போகுது?"

டீச்சர் வாய் திறந்தாள். "அந்தத் தையல்கார அக்கா விஷயத்துல என்ன முடிவு சார்?"

"அதுல தவறே நடக்கலையேம்மா. அவங்களுக்கு மருந்து வைக்கவே இல்லையே."

"ஏன் வைக்கல?"

மூன்று பேரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் அவர்கள் எதிரே நின்றுகொண்டிருந்தது.

மூன்று நாளில் பணி மருத்துவருக்கு உத்தரவு வந்தது. தொலைவில் ஏதோ ஓர் ஊரில் தடுப்பூசிக் கிடங்கு. தண்டனை இல்லை, நிர்வாக வசதிக்காக என்று எழுதியிருந்தது. கிளம்பும் முன் அவர் சிறப்புப் பிரிவுக்கு வந்து குழந்தையைப் பார்த்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வருத்தப்படாதீங்க" என்றார் அவர். "அங்க நிறைய தூங்கலாம்னு சொல்றாங்க." சிரிக்க முயன்றார், முடியவில்லை. "சிஸ்டர் இருக்காங்க. இப்பல்லாம் திரையைப் பாக்கறதுக்கு முன்னாடி ஆளைப் பாக்கறாங்க."

ஏப்ரல் முதல் தேதி குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். மெக்கானிக் வேலைக்குப் போகும் பைக்கில் வந்திருந்தான். ஆட்டோ வர நேரமாகும் என்றதால் மூவரும் பதிவுக் கூடத்தில் காத்திருந்தார்கள். முப்பது நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. டீச்சர் சிறிது நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வரிசையில் கடைசியாக நின்றவளிடம் போனாள்.

"அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க. என்ன தேதி சொன்னீங்க?"

"இருபத்தொண்ணு, ஒன்பதாம் மாசம்."

"சரியா இருக்கு. நீங்க?"

"ஒன்பதாம் தேதி, பத்தாம் மாசம்."

"இதுல செப்டம்பர் பத்துன்னு இருக்கு. மாத்தாம இங்கிருந்து போகாதீங்க."

பத்தாவது நிமிடத்தில் வரிசை கலைந்து அவளைச் சுற்றிக்கொண்டது. மழலையர் வகுப்பில் நோட்டுத் திருத்துவதுபோல ஒவ்வொரு அட்டையாக வாங்கி, கேட்டு, தவறு என்றால் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தாள். ஏழு வட்டம் ஆயிற்று. எழுத்தர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து கத்தினார்.

"ஏம்மா, அது ஆஸ்பத்திரி ஆவணம்! அதுல கை வைக்க நீங்க யாரு? வாட்ச்மேன், அந்தம்மாவை வெளியே அனுப்பு!"

வாசல் காவலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும். விறைப்பாக நின்று, "மேடம், இங்க நிக்கக் கூடாது, கிளம்புங்க" என்றார். எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்ததும் காவலாளி குரலைத் தாழ்த்தினார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஓர் அட்டையை எடுத்தார்.

"எங்க வீட்டுக்காரியோடது. இதையும் ஒரு தடவை பாத்துடுங்க."

"என்ன தேதி சொன்னாங்க?"

"எட்டாம் தேதி, ஆறாம் மாசம். நான்தான் கூட வந்தேன், நல்லா ஞாபகம் இருக்கு."

அட்டையில் ஆகஸ்ட் ஆறு என்று இருந்தது. டீச்சர் விரல் விட்டு எண்ணினாள். நாற்பது தாண்டியது. நாற்பத்தொன்று தாண்டியது. நாற்பத்திரண்டில் அவள் விரல் நின்றது.

"அண்ணே, அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"வீட்லதான். இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கு, சும்மா சும்மா வராதீங்கன்னு சொல்லிட்டாங்க."

"குழந்தை அசையுதா?"

காவலாளியின் முகம் மாறியது. காலையில் மனைவி ஏதோ சொன்னாள், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் சரியாகக் கேட்கவில்லை. மெக்கானிக் குழந்தையை மனைவியின் தோளில் சாய்த்துவிட்டுப் பைக் சாவியை எடுத்தான்.

"வாங்க, ஏறுங்க. வழி மட்டும் சொல்லுங்க."

காவலாளி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். இருவரும் ஓடினார்கள். டீச்சர் மேலே பிரசவ வார்டுக்குப் போன் செய்து, சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றது மறுமுனை. "படிவம் திறக்காது. பரவாயில்ல, வரச் சொல்லுங்க. என்ன பண்ணலாம்னு பாக்கறேன். அவங்க பேரு என்ன?"

அட்டையில் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் பெயரைப் பார்க்க மறந்துவிட்டதாக டீச்சர் சொன்னாள். வாசலில் காவலுக்கு யாரும் இல்லை. உள்ளே வரும் பெண்கள் யாரையும் கேட்காமல் வந்து வரிசையில் நின்றார்கள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் பேனாவை மறுபடி எடுத்தாள்.

"அடுத்து யாரு?"